வாழ்நாளும் அதன் அளவும்



அமெரிக்க எழுத்தாளர் நிக்கி எர்லிக் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி மெஷர்’ என்னும் ஆங்கிலப் புதினத்தில், ஒருநாள் காலை உலகெங்கும் 22 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பெட்டி வந்து சேர்கிறது. உள்ளே ஓர் இழை. அதன் நீளமே அவருடைய ஆயுளின் நீளம். துயரம் அந்த இழையோடு நின்றுவிடவில்லை. குறுகிய இழை பெற்றோரைப் பிறர் நடத்தும் முறையே மாறிவிடுகிறது. படைப்பணியிலும் அரசியலிலும் காதலிலும் இழையின் நீளம் நுழைகிறது.

இக்கரு நமக்குப் புதிதன்று. திருக்கடையூர்த் தலக்கதையில் மார்க்கண்டேயனின் பெற்றோர் முன் இரண்டு வரங்கள் வைக்கப்பட்டன: நெடுங்காலம் வாழும் அறிவிலி மகன், பதினாறே ஆண்டுகள் வாழும் நன்மகன். அவர்கள் நீளத்தை விடுத்துத் தன்மையைத் தேர்ந்தனர்.

மொழியாலும் இதனை விளக்கலாம். வடமொழிவழி வந்த ‘ஆயுள்’ அளவைச் சுட்டுகிறது. அரபு மொழியிலிருந்து மலாய் பெற்ற ‘அஜல்’ குறிக்கப்பட்ட முடிவைச் சுட்டுகிறது. நம் ‘வாழ்நாள்’ என்பதோ வினைத்தொகை. வாழ்ந்த நாள், வாழ்கின்ற நாள், வாழும் நாள் என முக்காலமும் அதனுள் கரந்து நிற்கின்றன. இழை முடிவை மட்டும் காட்டும். இச்சொல்லோ எதிர்காலத்தையும் திறந்தே வைத்திருக்கிறது.

தஞ்சோங் டாவாய் மக்களுக்கு இது வெறும் இலக்கணம் அன்று. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, ஆழிப்பேரலை இக்கெடாக் கரையில் ஏறியது. அருகிலுள்ள கோத்தா கோலா மூடா பேரழிவுக்குள்ளாயிற்று. மலேசியாவில் 68 பேர் உயிரிழந்தனர். அன்று காலை அவர்கள் கையில் ஆயுளளவு காட்டும் இழை இருந்திருந்தால் என்ன பயன்? அச்சம் முந்தி வந்திருக்கும், வேறொன்றும் இல்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது எச்சரிக்கை. அதன் பின்னரே இந்நாட்டில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை அமைப்பு உருவாயிற்று. இழை ‘இவ்வளவுதான்’ என்கிறது. எச்சரிக்கை ‘எழுந்து செல்’ என்கிறது.

ஆசிரியர்களே, நாம் இடும் மதிப்பெண்ணும் இவ்விரண்டில் ஒன்றாகவே மாணவரைச் சென்றடைகிறது. தோட்டப்புறத்துப் பிள்ளையைப் பார்த்து ‘இவனுக்கு இவ்வளவுதான்’ என்று சொல்லும்போது, அவன் கையில் நாம் ஓர் இழையைத் தருகிறோம். ‘இங்கே தவறினாய், இதனைத் திருத்து’ என்று சொன்னால் அது எச்சரிக்கையாகிறது. மாணவர்களே, எவரேனும் உங்களிடம் இழையை நீட்டினால், வாழ்நாள் வினைத்தொகை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.