கோட்டுக்கு வெளியே நின்றவர்



வடமராட்சியில், சிவசம்புப் புலவரின் ஊரில், பந்தடிக்கு ஓர் ஆய்வரங்கா என்று சிலர் கேட்டதாக அறிந்தேன். புலவரின் ஊர் என்பதால்தான் இதை இங்கே நடத்துவது பொருத்தம். ஏடு தேடுவது, பாடபேதம் பார்ப்பது, கேட்டதை அப்படியே நம்பாமல் இன்னோர் ஏட்டோடு ஒப்பிடுவது என்று ஒரு படிப்பு முறை இந்த மண்ணில் இருந்தது. அந்தக் கண்ணை உதைபந்தாட்டத்தின் பக்கம் நாங்கள் இதுவரை திருப்பவில்லை. எங்கள் ஆட்ட வரலாறு இன்னமும் தேநீர்க்கடை வாங்கில்தான் இருக்கிறது.

ஆட்டக்காரர் ஒருவர் பயிற்றுவிப்பாளராக மாறும்போது என்ன நடக்கிறது என்பதுதான் இன்றைய பொருள். இதிலே எல்லோர் வாயிலும் ஒரு முடிவு தயாராக இருக்கிறது: மத்தியகளத்தில் ஆடியவன்தான் நல்ல கோச் ஆவான், ஏனென்றால் அவனுக்கு முன்னும் தெரியும் பின்னும் தெரியும். அன்செலோட்டி, குவார்டியோலா, சிடான் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டுவார்கள். அலெக்ஸ் பெர்குசன் முன்களத்தில் கோல் அடித்துத் திரிந்தவர், மொரீனியோ சொல்லும்படியாக எதுவும் ஆடாதவர் என்று நான் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்கள். எனக்கு இந்தச் சூத்திரத்தில் நம்பிக்கை இல்லை. அதற்கு ஒரு சாட்சியை இன்று அவைமுன் கொண்டுவருகிறேன். அவர் சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தி.

பெயர் தமிழாக இருந்தால் போதும், உடனே எங்கட ஆள் என்று ஊர்ப்பெயரை ஒட்டிவிடும் பழக்கம் எங்களிடம் உண்டு. மலாயாவில் வேலைபார்த்துத் திரும்பிய பென்சன்காரர்களின் காலத்திலிருந்து வந்த வியாதி அது. நான் இவரைத் தெரிந்தெடுத்தது சொந்தம் கொண்டாட அல்ல. ஆடிய சுந்தரமூர்த்தியையும் ஆட்டுவித்த சுந்தரமூர்த்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே ஆள் என்று நம்புவது கடினம். அதுதான் காரணம்.

1965இல் பிறந்தவர். 1983இல், பதினேழு வயதில், சிங்கப்பூர்த் தேசிய அணிக்குள் வந்துவிட்டார். முன்களத்துக்கும் மத்தியகளத்துக்கும் இடையில் நின்று பந்தை வாங்கி, ஆளை ஏமாற்றி உள்ளே போகிற வகை. கண்ணைப் பறிப்பவர் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பட்டப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. 1980களின் இறுதியில் சுவிற்சர்லாந்தின் பாசெல் கழகத்துக்குப் போனார். இன்று பாசெலில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வீதிக்கு வீதி இருக்கிறார்கள், அன்றைக்கு ஓர் ஆசியத் தமிழர் அந்தக் குளிரில் பந்தடிக்கப் போனது சின்ன விடயமல்ல. அந்தப் பயணம் நீளவில்லை. மலேசியாவில் கெடாவுக்கும் ஆடினார்.

1993தான் அவருடைய ஆண்டு. முந்திய ஆண்டு மலேசிய லீக்கில் சிங்கப்பூர் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்தது. அந்த நிலையிலிருந்து எழுந்த அணியில் பன்டி அஹ்மத், அபாஸ் சாட் ஆகியோரோடு இவரும் இருந்தார். மலேசியக் கிண்ணப் போட்டியில் புரூணைக்கு எதிராக, காலாங் தேசிய மைதானத்தில், முதுகு நிலத்தைப் பார்க்க அந்தரத்தில் கிடந்தபடி ஒரு கோல் அடித்தார். சிங்கப்பூரில் ஒரு தலைமுறை முழுவதும் அந்த உதையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறது. இறுதியாட்டத்தில் கெடாவிடம் 2-0 என்று தோற்றார்கள், அதை யாரும் பேசுவதில்லை. அடுத்த ஆண்டு, 1994இல், சிங்கப்பூர் லீக்கையும் கிண்ணத்தையும் சேர்த்தே வென்றது. இறுதியில் பகாங்கை 4-0 என்று அடித்துத் துவைத்தது. அந்த அணியில் சுந்தரமூர்த்தி இல்லை! ஊரே கொண்டாடிய கலைஞன், ஊருக்குக் கிண்ணம் வந்த ஆண்டில் பட்டியலுக்கு வெளியே. இந்த இடத்தைக் கட்டுரையாளர்கள் கவனித்துக்கொள்ள வேண்டும். அழகான ஆட்டமும் வெற்றியும் ஒரே வண்டியில் வருவதில்லை என்பதை அவர் தன் உடம்பாலேயே படித்த ஆண்டு அது என்று நான் கருதுகிறேன்.

அதன் பின் சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்து விலகி, 1996இல் தனக்கென்று ஒரு லீக்கைத் தொடங்கியது. அங்கே ஜூரோங் கழகத்தில் அவர் ஆட்டக்காரராகவும் பயிற்றுவிப்பாளராகவும் இருந்தார். ஒரே ஆள் கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும். பிறகு 2012இல் சிங்கப்பூர் மீண்டும் மலேசிய லீக்குக்கு ஓர் அணியை அனுப்பியபோது, உள்ளூர் இளைஞர்களையே பெரும்பாலும் நம்பிய அந்த லயன்ஸ் பன்னிரண்டு அணியின் பொறுப்பு அவரிடம் வந்தது. முதல் ஆண்டு இரண்டாமிடம். 2013இல் ஃபெல்டா யுனைட்டெட்டை 4-0 என்று வென்று லீக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார்கள். அந்த அணியின் அடையாளம் அதன் பின்களமும் ஒழுங்கும். ஆளை ஏமாற்றிப் போகிற பெடியனை அவிழ்த்துவிடுகிற அணி அல்ல அது.

2016 மே மாதத்தில் தேசிய அணி அவர் கைக்கு வந்தது. அந்த ஆண்டு இறுதியில் நடந்த ஆசியான் கிண்ணத்தின் மூன்று ஆட்டங்களைத்தான் நான் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். முதல் ஆட்டம் பிலிப்பைன்ஸோடு. முதற்பாதியிலேயே ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, பத்துப் பேரோடு கடைசிவரை தாக்குப்பிடித்து 0-0. அன்று அவரைப் பாராட்டாதவர் இல்லை. இரண்டாவது தாய்லாந்தோடு. அதே காவல், அதே பொறுமை. 89ஆவது நிமிடத்தில் கோல் விழுந்தது, 0-1. மூன்றாவது இந்தோனேசியாவோடு. சிங்கப்பூர் முந்தியது. சமநிலை வந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் இரண்டாவது கோலும் விழுந்து 1-2. முதல் சுற்றோடு வீடு. அந்தரத்தில் கிடந்து கோல் அடித்த மனிதனின் அணி இப்படியா பதுங்கி ஆடுவது என்று இரசிகர்கள் எரிந்து விழுந்தார்கள். 2018 ஏப்ரலில் அவர் விலகினார்.

இரசிகர்களின் கோபம் எனக்கு விளங்குகிறது, அதிலுள்ள தர்க்கம் விளங்கவில்லை. எட்டுப் பத்து நிமிடங்கள் கூடுதலாகத் தாக்குப்பிடித்திருந்தால் அதே பதுங்கலுக்குப் பெயர் சாதுரியம் என்றாகியிருக்கும். பந்தைத் தொலைப்பது என்ன விலை என்பதை, பந்தை வைத்து வித்தை காட்டியவனைவிட நன்றாக அறிந்தவன் யார்? தன்னைப் போன்ற ஒருவன் தன் அணியில் இல்லை என்று தெரிந்தபின், அப்படி ஒருவன் இருப்பதுபோல ஆட அவர் துணியவில்லை. அதைக் கோழைத்தனம் என்று எழுத என் கை வராது. ஆனால் இரண்டு ஆண்டுகளில் அப்படி ஒருவனை உருவாக்கவாவது பார்த்திருக்கலாமே என்ற குறையும் எனக்கு இருக்கிறது.

மலேசியாவின் கே. ராஜகோபாலைப் பக்கத்தில் நிறுத்தினால் இது இன்னும் தெளியும். அவரும் ஆடிவிட்டு வந்தவர்தான். 2010 ஆசியான் கிண்ணத்தில் அவருடைய மலேசிய அணி முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 5-1 என்று வாங்கிக்கட்டியது. அதே மாதம், அதே இந்தோனேசியாவை இறுதியின் முதற்கட்டத்தில் 3-0 என்று வென்று, மொத்தத்தில் 4-2 கணக்கில் மலேசியாவுக்கு அந்தக் கிண்ணத்தை முதற்தடவையாகக் கொண்டுவந்தது. முதற்கட்டம் புக்கிட் ஜாலிலில். பார்வையாளர் சிலர் லேசர் ஒளியை எதிரணிக் கோல்காவலரின் முகத்தில் அடிக்க, ஆட்டம் இடையில் நின்றுபோன அசிங்கமும் அன்று நடந்தது, அதையும் வரலாற்றில் எழுதத்தான் வேண்டும். அந்த ஐந்து கோல்களுக்கும் இந்த மூன்று கோல்களுக்கும் இடைப்பட்ட நாட்களில் ராஜகோபால் பெடியங்களிடம் என்ன சொன்னார் என்பது எந்தப் புள்ளி அட்டவணையிலும் கிடையாது.

இந்த அரங்கைக் கூட்டியதன் நோக்கம் அதுதான். கோல் எழுதப்படுகிறது. கோலுக்கு முதல்நாள் மாலை மைதானத்தில் என்ன பழக்கினார்கள் என்பது எழுதப்படுவதில்லை. சிங்கப்பூருக்காவது படச்சுருளும் பத்திரிகைக் கட்டும் மிச்சம் இருக்கின்றன. எங்களுக்கு? 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது, ஈழநாடு அலுவலகமும் எரிந்தது. அந்த நெருப்பில் எத்தனை விளையாட்டுப் பக்கங்கள் போயின என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. 1987இல் வடமராட்சித் தாக்குதலின்போது வீடுகளை விட்டு ஓடியவர்கள் உறுதியையும் நகையையும் எடுத்தார்கள், கழகக் கூட்டக்குறிப்பை எவர் எடுப்பார்?

ஆகவே எங்களுக்கு எஞ்சியிருக்கும் சுவடி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பழைய ஆட்டக்காரர்கள்தான். கட்டுரை படிக்க வந்திருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எத்தனை கோல் அடித்தீர்கள் என்று அவர்களிடம் கேட்காதீர்கள், அதை அவர்களே கேளாமல் சொல்லுவார்கள், கொஞ்சம் கூட்டியும் சொல்லுவார்கள். யாரை அணியிலிருந்து நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள், நிறுத்தியதற்காக வீட்டுவாசலில் யார் வந்து சண்டை பிடித்தார்கள் என்று கேளுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் ஒப்பிடுங்கள். இரண்டு பேரும் வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் மூன்று கட்டுரைகள் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம், மணி அடித்தால் நிறுத்த வேண்டும், மேலதிக நேரம் கிடையாது. முதலாவது கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.