தேர் பார்க்க இரண்டு மணி நேரம்

தை பிறந்தால் பழநிக்குப் பாதயாத்திரை. கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை குழந்தை வேலப்பருக்குத் தேர். ஊரே தெருவில் நிற்கும் அந்த நாளிலும் சில வீட்டுக் கதவுகள் சாத்தியே இருக்கும். உள்ளே மனநோயுள்ள மகனோடு ஒரு தாய் உட்கார்ந்திருப்பார். கூட்டமும் வேட்டுச் சத்தமும் மகனுக்கு ஆகாது. அவனுக்காகத் தாயும் தேர் பார்த்து வருஷங்கள் ஆகியிருக்கும்.

நம் நாட்டில் மனநோயாளிகளில் பெரும்பாலோரைப் பார்த்துக்கொள்வது குடும்பம்தான். வேலூர் சி.எம்.சி. மனநல மையத்தில், சிகிச்சைக்கு வருபவரோடு உறவினரையும் தங்கவைத்து வழிகாட்டும் வழக்கம் பல பத்தாண்டுகளாக உண்டு. பராமரிப்பவரும் தளர்ந்துவிடக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது.

அந்த அக்கறை நம் தெருவுக்கும் வரட்டும். "நான் இருக்கிறேன், நீங்கள் தேர் பார்த்துவிட்டு வாங்கக்கா" என்று இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் போய் உட்காருங்கள். மகனுக்குப் பழக்கமான முகமாக இருந்தால் இன்னும் நல்லது. "இன்னும் குணமாகலையா?" என்று மட்டும் கேட்க வேண்டாம். விரதம் என்று சொல்லி மாத்திரையை நிறுத்தவும் சொல்லாதீர்கள். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பண்டிகை விடுமுறைக்கு முன்பே மாத்திரை வாங்கி வைத்துவிடுங்கள். தீர்ந்த பிறகு மலையிறங்கி அலைவது பெரும்பாடு.

பராமரிப்பவருக்கே மனம் கனத்தால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை இருக்கிறது. எண் 14416. கட்டணம் இல்லை, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம்.