பஞ்சம் வெட்டிய கால்வாய்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்க வேலை சம்பந்தமா ஏதாவது பத்து நிமிஷம் பேசுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். சென்னையில் மழைநீர் வடிகால் பணிகளில் இருப்பவன் நான். கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வந்தால் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "ஏம்பா, கடலைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு மெட்ராஸ்ல தண்ணி ஏன் வடிய மாட்டேங்குது?" நியாயமான கேள்வி. பதிலில் ஒரு பங்கு பக்கிங்ஹாம் கால்வாயில் இருக்கிறது. அதனால், கடலே இல்லாத ஊரில் நின்றுகொண்டு கடலோரக் கால்வாயைப் பற்றிப் பேசப் போகிறேன். பொறுத்தருள வேண்டும்.

நம்மூரில் கால்வாய் என்றால் என்ன? மலையிலிருந்து ஏரிக்கு வரத்துக்கால், மதகிலிருந்து வயலுக்கு வாய்க்கால், கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரி. எல்லாமே மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். பக்கிங்ஹாம் கால்வாய் அப்படி இல்லைங்க. கடற்கரைக்கு இணையாக, ஏறக்குறைய ஒரே மட்டத்தில், வடக்கு தெற்காகக் கிடக்கிறது. மேற்கிலிருந்து கடலுக்கு வருகிற ஆறுகளை எல்லாம் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, அப்புறம் தெற்கே பாலாறு. நமக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். ஜவ்வாது மலையில் பெய்கிற மழை செய்யாற்றில் இறங்கி, பாலாற்றில் கலந்து, கடலைத் தொடுவதற்கு முன்னால் இந்தக் கால்வாயைத் தாண்டித்தான் போகிறது.

இது பாசனத்துக்கு வெட்டியதல்ல, வடிகாலுக்கும் வெட்டியதல்ல. படகுக்கு வெட்டியது. 1806ஆம் ஆண்டு பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை, சுமார் 11 மைல் வெட்டினார். வடசென்னையில் காக்ரேன் பேசின் ரோடு என்ற பெயர் இன்னும் இருக்கிறது. 1837இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே பழவேற்காடு தாண்டி ஆந்திரத்துக்குள்ளும், தெற்கே மரக்காணம் வரையும் நீட்டினார்கள். மொத்தம் 420 கிலோமீட்டர், அதில் தமிழ்நாட்டில் 163. கடல் ஏறி இறங்குகிற இடங்களில் தண்ணீர் மட்டத்தைப் பிடித்து வைக்க 'லாக்' என்கிற அடைப்புக் கதவுகள் போட்டார்கள். நெல், விறகு, சவுக்கு, உப்பு எல்லாம் படகில் வந்தன. காற்று இல்லாத நேரத்தில் கரையில் ஆட்கள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டே நடப்பார்களாம்.

சென்னை நகருக்குள் மட்டும் ஒரு துண்டு பாக்கி இருந்தது. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர். இன்றைக்குத் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி என்று நாம் சொல்கிற பகுதிகளின் முதுகுப்பக்கம். அந்தத் துண்டை வெட்டியது 1876-78 பஞ்சம். தாது வருஷப் பஞ்சம் என்று நம்ம பாட்டிமார்கள் சொல்வார்களே, அதுதான். சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் செத்தார்கள். பிழைக்க வழியில்லாதவர்களை நிவாரண வேலை என்று மண் வெட்டவிட்டார்கள். 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிவாரண வேலைக்கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க வெட்டினால் ஓர் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். கடைசியில் கால்வாய்க்கு அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் பெயரை வைத்தார்கள். வெட்டினவன் பெயரை யார் வைக்கப் போகிறார்கள்?

ரயிலும் லாரியும் வந்தபின் படகு குறைந்தது. 1965-66, 1976 புயல்களில் கால்வாய் சேதப்பட்டது. அதற்குப் பிறகு நகரம் அதைச் சாக்கடை என்றே பார்க்க ஆரம்பித்தது. பறக்கும் ரயில் திட்டம் வந்தபோது, நிலம் கையகப்படுத்துகிற தொல்லை இல்லை என்று கால்வாய் ஓரமாகவே பாதை போட்டார்கள். 1995இல் சேப்பாக்கம் வரை, 1997இல் மயிலாப்பூர் வரை, 2007இல் வேளச்சேரி வரை ரயில் ஓடியது. தூண்களும் சில நிலையங்களும் கால்வாயிலேயே நிற்கின்றன. ரயில் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அதில்தான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

இப்போ உங்க கேள்விக்கு வருகிறேன். மயிலாப்பூரில் பெய்கிற மழையில் பெரும்பகுதி கிழக்கே இருக்கிற கடலுக்குப் போவதில்லை. மேற்கே கால்வாயில் விழுகிறது. கால்வாய்க்குச் சரிவு கிடையாது. அது தண்ணீரைக் கூவத்திலோ அடையாற்றிலோ கொண்டுபோய்த் தள்ள வேண்டும். அந்த நேரத்தில் ஆற்றில் வெள்ளமோ, கடலில் ஏற்றமோ, முகத்துவாரத்தில் மணல் திட்டோ இருந்தால் தண்ணீர் நகராது. கடல் இறங்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். அதுவரை தண்ணீரைத் தேக்கி வைக்க வேண்டியது கால்வாயின் அகலமும் ஆழமும்தான். அதைக் குறைத்தால் அந்தத் தண்ணீர் தெருவில் நிற்கும், வீட்டுக்குள் நிற்கும். ஏரியில் வீடு கட்டினால் என்ன ஆகும் என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு பணிக்காகக் கரையோரம் அளவெடுத்தோம். வரைபடத்தில் இருந்த அகலம் வேறு, டேப்பில் வந்த அகலம் வேறு. "பழைய அகலத்தையே போட்டுக் கணக்கை முடிங்க தம்பி" என்றார் பெரியவர் ஒருவர். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அது இன்னும் கோப்பில் இருக்கிறது.

இந்தக் கால்வாய் நமக்கு உபகாரமும் செய்திருக்கிறது. 2004 சுனாமியில், சென்னைக்கு வடக்கே ஆந்திரக் கரை நெடுகப் பல இடங்களில் ஏறி வந்த கடலை இது வாங்கிக்கொண்டு, சில நிமிடங்களில் திருப்பி விட்டதாக 2005இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதே கால்வாய்தான் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெயை எண்ணூர் முகத்துவாரத்துக்குக் கொண்டுபோனது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப் போயின. எதை விட்டாலும் அது கொண்டுபோகும், அதற்கு என்ன தெரியும்!

கால்வாயின் தெற்குக் கோடியைப் பார்க்க நீங்கள் சென்னைக்கு வர வேண்டியதில்லை. செஞ்சி, திண்டிவனம் வழியாக மரக்காணம் சுமார் 100 கிலோமீட்டர்தான். உப்பளங்களுக்கு நடுவே போய் நின்று பாருங்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள், நடுப்பகல் வெயிலில் உப்பு கண்ணைக் கூசவைக்கும்.

பந்தி போட்டுவிட்டார்கள் என்று செயலாளர் சைகை காட்டுகிறார். மேலும் கேள்வி இருக்கிறவர்கள் இலையில் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.