அடுக்களையில் ஒரு பாடம்



வடநாட்டில் குடியேறும் தமிழர்க்கு முதற் குளிர்காலம் ஒரு சோதனை. தலைநகரில் நாங்கள் கழித்த முதல் தை மாதத்தில், வீட்டுக்கு எதிரே இருந்த முசுக்கட்டை மரம் ஓர் இலையுமின்றி நின்றது. பனையும் தென்னையும் கண்டு வளர்ந்த எங்களுக்கு அது பட்ட மரமாகவே தோன்றிற்று.

இத்தகைய ஒரு காட்சி ஓர் இளைஞரின் வாழ்வையே மாற்றியதுண்டு. 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இன்று பிரான்ஸ் நாட்டில் அடங்கிய லொரேன் பகுதியில் பிறந்தவர் நிக்கொலா ஹெர்மன். 18-ஆம் வயதில், குளிர்காலத்தில் இலையற்று நின்ற மரம் ஒன்றை அவர் கண்டார். சில நாட்களில் அது தளிர்க்கும், பூக்கும், கனி தரும் என்ற எண்ணம் எழுந்தது. அவ்வாறு செய்யும் இறைவனின் பெருமை அவர் உள்ளத்தில் அழியாமற் பதிந்தது.

ஆயினும், அன்றோடு அவர் துன்பம் தீர்ந்துவிடவில்லை. போர்வீரராகிக் காயமுற்றார், கால் ஊனமாயிற்று. செல்வர் ஒருவரிடம் ஏவலாளாய் இருந்தார். தொட்டதையெல்லாம் உடைத்துவிடும் ஏவலாள் என்று தம்மைத் தாமே சொல்லிக்கொண்டவர் அவர். பின்னர்ப் பாரிஸ் நகரத்துக் கர்மேல் சபை மடத்திற் சேர்ந்து, சகோதரர் லாரன்ஸ் எனப் பெயர் பெற்றார். அங்கே அவருக்குக் கிடைத்தது, இயல்பிலேயே அவர் வெறுத்த அடுக்களை வேலை. ஏறக்குறைய 15 ஆண்டுகள் அதைச் செய்தார். முதற் பத்தாண்டுகள் மனத்துயரில் கழிந்தனவென்று அவரே எழுதியிருக்கிறார். எனினும் நாளடைவில், பாத்திரங்களின் ஓசைக்கு நடுவிலும், பலர் ஒரே வேளையில் பலவற்றைக் கேட்கும் பரபரப்பிலும், வழிபாட்டு நேரத்து அமைதியை அவர் கண்டார். 1691-இல் அவர் மறைந்த பின், அவருடைய உரையாடல்களும் கடிதங்களும் ஒரு சிறு நூலாக வெளிவந்தன. அது இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகிறது.

இஃது அவர் புதிதாகக் கண்ட வழியன்று. இயேசு பெருமான் இறையரசை விளக்க எடுத்துக்கொண்டவை எவை? மாவிற் கலந்த புளித்த மா; பழந்துணியில் இடும் ஒட்டு; காணாமற்போன ஒரு வெள்ளிக்காசுக்காக விளக்கேற்றி வீட்டைப் பெருக்கும் பெண். அத்தனையும் வீட்டுப் பொருள்கள். நம் கைக்கு எட்டுபவை.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். துன்பம் பாடம் தருகிறது என்பது வேறு. துன்பமே நல்லது என்பது வேறு. அழுகின்றவரிடம் சென்று, "இதில் உமக்கு ஒரு பாடம் இருக்கிறது" என்று சொல்வது அன்பாகாது. பாடத்தைக் கண்டுகொள்ள வேண்டியவர் துன்பப்படுபவரே. அருகில் இருப்பவர் செய்யக்கூடியது வேறு.

அதை நாங்கள் கற்ற விதத்தைச் சொல்கிறோம். ஊரில் எங்கள் தாயார் இறந்த செய்தி ஒரு மாலையில் வந்தது. இரயிலில் இரண்டு இரவுப் பயணம். போய்ச் சேருமுன் அடக்கம் முடிந்துவிடும் என்பது தெரிந்தே புறப்பட்டோம். செபிக்க முயன்றோம், சொல் வரவில்லை. அந்நேரம் அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையார், சுடச்சுட ரொட்டிகளைத் துணியிற் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். எங்கள் மொழியும் அவருக்குத் தெரியாது; எங்கள் வேதமும் தெரியாது. ஒரு சொல்லும் பேசாமல், எங்கள் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு சென்றார்.

மறுநாள் வண்டியில் அந்த ரொட்டியைப் பிட்டபோது, எம்மாவு ஊர்ச் சீடர்களை நினைத்தோம். வழியெல்லாம் உடன் நடந்த ஆண்டவரை அவர்கள் அறியவில்லை. அவர் அப்பத்தைப் பிட்டபோதே கண் திறக்கப் பெற்றார்கள். அவ்வேளையில்தான் எங்களுக்கும் அழுகை வந்தது, செபமும் வந்தது.

தாயாரின் முகத்தை இறுதியாகக் காணவில்லை என்ற குறை இன்றும் தீரவில்லை. ஆயினும், அன்று தொட்டு அடுத்த வீட்டில் ஒரு துயரம் என்றால், எங்கள் அடுக்களையில் முதலில் அடுப்புப் பற்றவைக்கப்படுகிறது. செபம் அதற்குப் பின் வருகிறது. சில வேளை அதுவே செபமாகவும் ஆகிறது.

நாங்கள் ஊரிலிருந்து திரும்பியபோது மாசி முடியும் தறுவாய். எதிரிலிருந்த முசுக்கட்டை மரத்தின் ஒவ்வொரு கிளையிலும் பசுந்தளிர் அரும்பியிருந்தது.