பிரசங்க மண்டபமும் கல்விக்கழகமும்



பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் அமெரிக்கக் குடியேற்றங்களில் சமய எழுச்சியும் பகுத்தறிவும் ஒரே காலத்தில் தலைதூக்கின. இரண்டும் கீரியும் பாம்புமாய் இருந்திருக்கும் என்றே நாம் எண்ணுவோம். பிலடெல்பியாவில் நிகழ்ந்ததோ வேறு.

1739-இல் ஜார்ஜ் விட்ஃபீல்டு என்னும் இளம் போதகர் அங்கு வந்தார். பின்னர்ப் பிரசங்க மேடைகள் மறுக்கப்படவே, திறந்த வெளியில் பேசினார். கூட்டத்தில் நின்ற அச்சகத்தார் பெஞ்சமின் பிராங்கிளின் என்ன செய்தார்? குரல் எட்டும் தொலைவை நடந்து அளந்து, 30,000 பேருக்கு மேல் கேட்கும் என்று கணக்கிட்டார்! ஆயினும் இருவரும் நண்பர்களாயினர். போதகரின் நூல்களைப் பிராங்கிளினே அச்சிட்டார். 1740-இல் விட்ஃபீல்டுக்காக எழுப்பிய மண்டபத்திலே, 1751-இல், பிராங்கிளின் முயற்சியால் தோன்றிய கல்விக்கழகம் இயங்கலாயிற்று. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அதன் வழி வந்ததே.

அடிமைகளின் நிலை என்ன? அவர்களைக் கொடுமைப்படுத்தலாகாது என்று எழுதிய விட்ஃபீல்டே, ஜார்ஜியாவில் அடிமைமுறை வேண்டும் என வாதாடினார். பிராங்கிளினும் அடிமைகளை வைத்திருந்தவரே. 1787-இல்தான் அடிமை ஒழிப்புச் சங்கத் தலைவரானார். மண்டபம் எழுந்த அதே 1740-இல், தெற்குக் கரோலினா, அடிமைக்கு எழுதக் கற்பிப்போருக்கு 100 பவுன் தண்டம் விதித்தது. இதன் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

1761-இல் பாஸ்டனில் விற்கப்பட்ட ஆப்பிரிக்கச் சிறுமி பிலிஸ் வீட்லி, வாங்கிய வீட்டிலேயே எழுத்துக் கற்றார். 1770-இல் விட்ஃபீல்டு மறைந்தபோது இரங்கற்பா இயற்றினார். 1773-இல் இலண்டனில் அம்மையாரின் கவிதை நூல் வெளிவந்தது. அவற்றை எழுதியவர் அவரே என்று பாஸ்டன் பெருமக்கள் 18 பேர் சான்றளிக்க வேண்டியிருந்தது. ஆளுநரும் போதகர்களும் கையொப்பமிட்ட அச்சான்றிலும் அவர் அடிமை என்றே குறிக்கப்பட்டிருக்கிறார்.