முழுத் தீவிடமும் வாக்குக் கேட்டவர்



களுபோவிலவில் எங்கள் ஒழுங்கைக்கு வருஷத்துக்கு ஒருமுறை கிராம சேவகரின் படிவம் வரும். வாக்காளர் இடாப்பில் பெயர் பதிகிற படிவம். அதை நிரப்புவது எங்கள் வீட்டில் அம்மாவின் பொறுப்பு. சாப்பாட்டு மேசையைத் துடைத்து, ஈரம் காயும்வரை பொறுத்திருந்து, பழைய பேப்பர் ஒன்றை விரித்து அதன்மேல் படிவத்தை வைப்பார். அடையாள அட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு, இலக்கங்களை வாய்க்குள் சொல்லிச் சொல்லி எழுதுவார். எழுதி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "ஒருக்கா வாசிச்சுப் பார் பிள்ளை" என்பார்.

நாங்கள் முன்பு வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் எங்கள் பெயரைப் பதிய விடவில்லை. பதிந்தால் வீடே கைவிட்டுப் போய்விடும் என்று அவருக்குப் பயம். தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது அங்கே முதலில் கேட்டது வாக்காளர் இடாப்பின் பிரதியைத்தான். எங்கள் கையில் அது இல்லை. அம்மாவின் கவனம் அன்றைக்குத் தொடங்கியது.

இன்றைக்கு நான் பேச வந்ததும் ஒரு வாக்காளர் இடாப்பைப் பற்றித்தான். 1911இல் தயாரான இடாப்பு. முழு இலங்கைக்கும் ஒரே இடாப்பு. அதில் இருந்த பெயர்கள் 3,000க்கும் குறைவு. அதே வருஷம் எடுத்த குடிசன மதிப்பில் இந்தத் தீவின் சனத்தொகை ஏறத்தாழ 41 லட்சம்.

அதற்கு முன்பு இலங்கையின் சட்டநிரூபண சபைக்கு யாரும் வாக்குக் கேட்டுப் போனதில்லை. தேசாதிபதி கூப்பிட்டு ஆசனம் கொடுப்பார், அவ்வளவுதான். படித்த இலங்கையர் பல வருஷம் மனுக்கொடுத்துக் கேட்டதன் பலனாக 1910இல் ஒரு சீர்திருத்தம் வந்தது. சபையில் 21 பேர். அதில் 11 பேர் அரச உத்தியோகத்தர், மிச்சம் 10 பேர் வெளியார். அந்தப் பத்திலும் ஆறு பேரைத் தேசாதிபதியே நியமித்தார். தேர்தலுக்கு விட்டவை நான்கு ஆசனங்கள். இரண்டு ஐரோப்பியருக்கு, ஒன்று பறங்கியருக்கு. நாலாவது ஆசனத்துக்குப் படித்த இலங்கையர் ஆசனம் என்று பெயர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று யாராக இருந்தாலும், ஆங்கிலப் படிப்பும் குறித்த அளவு வருமானமோ சொத்தோ உள்ள ஆணாக இருந்தால் அதில் வாக்களிக்கலாம். பருத்தித்துறையில் இருந்து மாத்தறை வரைக்கும் ஒரே தொகுதி. ஒரேயொரு உறுப்பினர்.

அந்த ஆசனத்துக்குப் போட்டியிட இறங்கியவர் பொன்னம்பலம் இராமநாதன். அப்போது அவருக்கு வயது 60.

அவருக்குச் சபை புதிதல்ல. 1851இல் கொழும்பில் பிறந்தவர். தகப்பனார் மானிப்பாய்க்காரர். தாய்மாமனார் சேர் முத்துக்குமாரசுவாமி சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதியாக இருந்தார். அவர் 1879இல் காலமானதும் அந்த ஆசனம் மருமகனுக்கு வந்தது. இராமநாதன் 13 வருஷம் சபையில் இருந்தார். வெசாக் நாளை அரச விடுமுறை ஆக்கவேண்டும் என்று பௌத்தர்களுக்காக வாதாடிய குரல்களில் இந்தச் சைவரின் குரல் முக்கியமானது. 1892இல் மன்றாடியார் நாயகம் ஆனார். 1906இல் உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்றார். அதுவரை அவருக்குக் கிடைத்த பதவிகள் எல்லாம் மேலே இருந்தவர்கள் கொடுத்தவை. சனங்களிடம் போய் எனக்கு வாக்குத் தாருங்கள் என்று கேட்டது 1911இல்தான்.

எதிரே நின்றவர் வைத்தியர் மார்க்கஸ் பெர்னாண்டோ. லண்டனில் மருத்துவம் படித்துப் பெயர் எடுத்தவர். கொழும்பின் பெரும் செல்வக் குடும்பமான சோய்சா குடும்பத்தின் மருமகன். இடாப்பில் இருந்த பெயர்களில் பாதிக்கு மேல் சிங்களவர்களுடையவை. சிங்களவர் எல்லோரும் சிங்களவருக்கே போட்டிருந்தால் இராமநாதன் தோற்றிருப்பார். முடிவு வந்தபோது அவருக்கு 1,645 வாக்குகள், மார்க்கஸ் பெர்னாண்டோவுக்கு 981.

நம்மில் பலர் இந்தக் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறோம். சிங்களப் பெரும்பான்மை ஒரு தமிழரைத் தெரிவுசெய்த பொற்காலம் என்று சொல்லி மனம் நிறைந்துபோகிறோம். நானும் சின்ன வயதில் அப்படித்தான் கேட்டேன். ஆனால் உள்ளே இன்னொரு கணக்கு இருந்தது. மார்க்கஸ் பெர்னாண்டோ கராவ சாதியைச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் கராவ குடும்பங்கள் வியாபாரத்தாலும் படிப்பாலும் விறுவிறுவென்று மேலே வந்துகொண்டிருந்தன. சிங்களவரில் மேல்சாதியாகக் கருதப்பட்ட கொய்கம பிரமுகர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு கராவர் முழுத் தீவின் பிரதிநிதி ஆவதை விட, உயர்குடியில் பிறந்த ஒரு வெள்ளாளத் தமிழர் வருவது மேல் என்று அவர்களில் பலர் நினைத்தார்கள். இராமநாதனின் ஆற்றலை மதித்து வாக்களித்தவர்களும் நிச்சயம் இருந்தார்கள். ஆனாலும் சாதியை விட்டுவிட்டு இந்த வெற்றியைச் சொன்னால் அது பாதிக் கதை.

தேர்தல் நடந்த அதே காலத்தில் இராமநாதன் கொழும்பில் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தார். கொட்டாஞ்சேனையை ஒட்டிய கொச்சிக்கடையில் தகப்பனார் 1857இல் கட்டிய பொன்னம்பலவாணேசர் கோயிலை முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். 1907இல் தொடங்கி 1912இல் முடிந்த வேலை. தெகிவளைச் சந்தியில் பஸ் ஏறி, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி தாண்டி, கோட்டையில் இறங்கி, துறைமுகப் பக்கம் நடந்தால் கோயிலுக்குப் போய்ச் சேரலாம். லொறிச் சத்தமும் வெயிலும் வாசல்வரை கூடவே வரும். உள்ளே கால் வைத்ததும் கல்லின் குளிர் உள்ளங்காலில் ஏறும். தூண், கூரை, தரை எல்லாம் கல். எண்ணெய்ப் புகை படிந்து தூண்கள் கறுத்து மினுங்கும். கொஞ்சம் பேசினால் குரல் கூரையில் பட்டுத் திரும்பி வரும். அங்கே உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த மாதங்களில்தான் அவருக்காகத் தீவு முழுவதும் வாக்குக் கேட்டார்கள். அந்தக் கல் மண்டபத்தில் நிற்கும்போதெல்லாம் அது எனக்கு ஞாபகம் வரும்.

சபைக்குப் போன பிறகு அவர் செய்தவற்றில் நாடு மறக்காதது 1915. அந்த வருஷம் மே கடைசியில் கண்டியில் வெடித்த சிங்கள-முஸ்லிம் கலவரம் சில நாட்களில் பல இடங்களுக்குப் பரவியது. அரசு இராணுவச் சட்டம் போட்டது. டி. எஸ். சேனநாயக்கா, எப். ஆர். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலக்க போன்ற சிங்களத் தலைவர்களைச் சிறையில் அடைத்தார்கள். எட்வர்ட் ஹென்றி பெதிரிஸ் என்ற இளைஞரை இராணுவ நீதிமன்றத்தில் விசாரித்து, ஜூலை 7ஆம் திகதி சுட்டுக் கொன்றார்கள். வாய் திறக்கவே ஆட்கள் பயந்திருந்த நேரத்தில் இராமநாதன் சபையில் எழுந்து அரசின் அட்டூழியங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது, கடலில் நீர்மூழ்கிகள் திரிந்தன. அதற்குள் லண்டனுக்குக் கப்பலேறிப் போய் நீதி கேட்டார். 1916இல் அங்கே அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். அவர் திரும்பி வந்தபோது வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்களே இழுத்துப் போனார்கள் என்ற கதை இந்த நாட்டில் தெரியாதவர் குறைவு.

ஆனால் அந்தக் கலவரத்தில் கடையும் வீடும் உயிரும் இழந்தவர்கள் முஸ்லிம்கள். இராமநாதனின் பேச்சுகளில் அவர்களுடைய துயரத்துக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. அதற்கு முன்னரே, 1880களில், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று அவர் வாதாடியது அவர்களுக்கு ஆறாத மனக்குறையாக இருந்தது. தமிழராகிய நாங்கள் அவரைக் கொண்டாடும்போது எங்கள் அயல்வீட்டு முஸ்லிம் நண்பர் ஏன் பேசாமல் இருக்கிறார் என்று யோசிக்க வேண்டும். அவருக்கு நியாயம் இருக்கிறது.

அடுத்த தேர்தலிலும் இராமநாதனே வென்றார். பிறகு 1920களில் சீர்திருத்தங்கள் மாறி மாறி வந்தன. பிரதேசவாரித் தொகுதிகள் வந்தன, முழுத் தீவுக்கும் பொதுவான அந்த ஆசனம் இல்லாமல் போனது. கொழும்புத் தமிழருக்கு மேல் மாகாணத்தில் ஒரு ஆசனம் தருவதாகச் சிங்களத் தலைவர்கள் சொன்ன வாக்குறுதி நிறைவேறவில்லை. இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரான அவருடைய தம்பி சேர் பொன்னம்பலம் அருணாசலம் மனம் உடைந்து காங்கிரசை விட்டு வெளியேறினார். 1924 தேர்தலில் இராமநாதன் வடக்கில் ஒரு தொகுதியில் வென்று சபைக்கு வந்தார். முழு இலங்கையின் உறுப்பினராக இருந்தவர் வடமாகாணத்தின் ஒரு பகுதிக்கு உறுப்பினராக நின்றார். அவர் சிறுத்துப்போனதாக நான் நினைக்கவில்லை, நாடுதான் துண்டாகத் தொடங்கியிருந்தது.

1927இல் அரசியலமைப்பு மாற்றத்தை ஆராய டொனமூர் ஆணைக்குழு வந்தது. படித்தவர் படிக்காதவர் என்ற பேதமில்லாமல் 21 வயதான ஆண்களுக்கும் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் வாக்குரிமை கொடுக்கச் சொல்லி அது சிபாரிசு செய்தது. அதுவரை சனத்தொகையில் 4 வீதம் பேருக்குத்தான் வாக்கு இருந்தது. இராமநாதன் அந்தச் சிபாரிசைக் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்கு வாக்குக் கொடுப்பதையும் எதிர்த்தார். மருதனார்மடத்தில் பெண் பிள்ளைகளுக்கென்று 1913இல் கல்லூரி திறந்த அதே மனிதர்! எனக்கு இது இன்றுவரை வலிக்கிற விஷயம். ஆக்னஸ் டி சில்வா முதலான பெண்கள் ஆணைக்குழுவின் முன்னால் போய் நின்று வாக்குரிமை கேட்டபோது, இந்த நாட்டின் மிகப் பெரிய சட்டமேதை மறுபக்கத்தில் நின்றார். 79 வயதில் திரும்பவும் லண்டனுக்குப் போய் வாதாடினார். அங்கே அவர் சொன்னது எடுபடவில்லை. 1930 நவம்பர் 26ஆம் திகதி காலமானார்.

எண்ணிக்கையில் சிறிய இனத்துக்குத் தலை எண்ணும் ஆட்சியில் என்ன நடக்கும் என்று அவர் பயந்தார். அந்தப் பயம் வெறும் கற்பனையல்ல. 1948இல் ஒரு சட்டத்தால் மலையகத் தமிழர் லட்சக்கணக்கில் குடியுரிமை இழந்து, வாக்காளர் இடாப்பில் இருந்தும் மறைந்துபோனார்கள். அதன்பிறகு முழு இலங்கைக்குமான ஒரு பதவிக்குத் தமிழர் போட்டியிட்டபோது, அது வெல்வதற்கான போட்டியாக இருக்கவில்லை. 1982 ஜனாதிபதித் தேர்தலில் குமார் பொன்னம்பலம் பெற்ற வாக்குகள் 1,73,934. 2024இல் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரன் பெற்றவை 2,26,343. தமிழரின் குரலைப் பதிவுசெய்யவே இருவரும் நின்றார்கள். மாத்தறையில் ஒரு சிங்களவர் தனக்கு வாக்களிப்பார் என்று எண்ணி நிற்க இராமநாதனுக்கு முடிந்தது. அந்தத் தைரியத்தை நான் மதிக்கிறேன். அவர் மூடி வைக்கப் பார்த்த கதவு திறந்ததற்காக அதைவிடக் கூடுதலாகச் சந்தோஷப்படுகிறேன்.

ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் தேர்தல் 1931 ஜூனில் நடந்தது. வடகொழும்பில், கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தொகுதியில், வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து வென்றார். தேர்தல் மனு ஒன்றால் அவர் ஆசனத்தை இழந்தார். 1932 இடைத்தேர்தலில் அவருடைய மனைவி நேசம் சரவணமுத்து போட்டியிட்டார். துறைமுகத் தொழிலாளரும் சில்லறைக் கடைக்காரரும் கூலி வேலைக்காரரும், சிங்களம் பேசுபவரும் தமிழ் பேசுபவரும் கலந்து வாழ்ந்த தொகுதி. இராமநாதன் வாக்குக் கொடுக்கக் கூடாது என்று சொன்ன ஆட்கள்தான் அங்கே வரிசையில் நின்றார்கள். அவர்கள் ஒரு தமிழ்ப் பெண்ணை, சட்டநிரூபண சபையின் இடத்தில் வந்த அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். 1936இல் திரும்பவும் அவரையே அனுப்பினார்கள்.