தொழிலுக்கு ஒரு பெயர்



கற்றோர் அனைவர்க்கும் அரசுப் பணி கிடைப்பதரிது. ஆதலின் தொழில் தொடங்க விழையும் இளைஞர்கட்குப் பயன்படும் பொருளொன்றை எடுத்துக்கொண்டோம். தொழிலுக்குப் பெயரிடுவது எங்ஙனம் என்பதே அது. நம் ஊர்களில் தெய்வத்தின் பெயரையோ பெற்றோர் பெயரையோ கடைக்குச் சூட்டுவது வழக்கம். ஜப்பானியர் இருவர் வேறு வழி கண்டனர்.

1946ஆம் ஆண்டில், போரினால் சிதைந்த டோக்கியோ நகரில் மசாரு இபுகா, அக்கியோ மொரிட்டா என்னும் இருவர் ஒரு நிறுவனம் தொடங்கினர். ‘டோக்கியோ சூஷின் கோக்யோ’ என்பது அதன் பெயர். அயல்நாட்டில் விற்க முற்பட்டபோது அப்பெயர் அமெரிக்கர் நாவில் நுழையவில்லை. எந்நாட்டாரும் எளிதில் ஒலிக்கத்தக்க சிறு பெயரைத் தேடினர். ஒலியைக் குறிக்கும் ‘சோனஸ்’ என்னும் இலத்தீன் சொல் கிடைத்தது. சிறுவனைச் செல்லமாய் விளிக்கும் ‘சன்னி’ என்னும் ஆங்கிலச் சொல்லும் அதனோடு ஒத்திருந்தது. ஆனால் அதன் எழுத்துகளை ஜப்பானிய முறையில் படித்தால் நட்டத்தைக் குறிக்கும் ஒலி பிறந்தது. ஆகவே ஓரெழுத்தை நீக்கிச் ‘சோனி’ என்றாக்கினர்.

1955ஆம் ஆண்டில் அப்பெயருக்குச் சோதனை வந்தது. அமெரிக்காவின் புலோவா நிறுவனம் ஓர் இலட்சம் வானொலிப் பெட்டிகளை வாங்க முன்வந்தது. ஆனால் அவற்றில் தன் பெயரையே பொறிக்க வேண்டும் என்றது. தம் பெயர் ஐம்பதாண்டுப் புகழுடையது என்றனர் அந்நிறுவனத்தார். ஐம்பதாண்டுகட்கு முன் அப்பெயரையும் எவரும் அறிந்திரார் என்னும் கருத்துப்பட விடையிறுத்தார் மொரிட்டா. டோக்கியோவிலிருந்த இயக்குநர்கள் ஏற்கச் சொல்லியும் அவர் மறுத்துவிட்டார்.

1958ஆம் ஆண்டில் நிறுவனத்தின் பெயரே சோனி என மாறியது. மின்னணுத் தொழிலைக் குறிக்கும் சொல்லையும் சேர்க்குமாறு வங்கியார் வற்புறுத்தினர். இன்ன தொழில் என்று பெயரிலேயே வேலியிட்டுக்கொள்ள நிறுவனத்தார் இசைந்திலர். 1989ஆம் ஆண்டில் அந்நிறுவனம் கொலம்பியா திரைப்பட நிறுவனத்தையே வாங்கியது.

இளைஞர்களே, பெயர் சிறியதாகவும் தெளிவானதாகவும் அமைதல் அறிவின்பாற்பட்டது. அதனை விட்டுக்கொடாமை துணிவின்பாற்பட்டது. பொருளில் தரம் இல்லையேல் அத்துணிவு வெறும் வீம்பாகும். பிறர் பெயரில் உழைப்பின் அன்றைய கூலி கிட்டும். நம் பெயரில் உழைப்பின் அப்பெயர் நம் மக்கட்கும் சொத்தாகும்.

பிறர் இட்ட பெயர்களை நெடுங்காலம் சுமந்தவர் நாம். நம் உழைப்புக்கேனும் நாமே பெயரிடுவோம். அப்பெயருக்கேற்ற பொருளைச் செய்து காட்டுவோம்.